இடப்பக்கச் சப்பை

கெசையா: நிறுத்து, நிறுத்து. அந்த வரியை இன்னொரு தடவை படி.

லெமுவேல்: எதை? "காடும் நீரும் அன்றி வேறொன்றும் இல்லாத..."

கெசையா: அதுக்கு அடுத்தது.

லெமுவேல்: "ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்றாம் ஆண்டின் வசந்த காலத்தில், நம் நிறுவனர் திரு. டால்ரிம்பிள் அவர்கள், உலகின் முதல் பலகைத் தோணியைத் தம் கரங்களாலேயே உருவாக்கினார்."

கெசையா: கரங்களாலேயே! சூசி, கேட்டியா? அந்த மனுஷனுக்குச் சுத்தியலோட எந்தப் பக்கம் ஆணியில படணும்னு தெரியுமாடி?

சூசன்னா: இப்பத் தெரியும். போன கோடையில போட்டோ புடிக்கச் சுத்தியலோட நின்னாரே... கட்டைவிரல் நகம் இன்னும் முளைக்கலையாம்.

லெமுவேல்: நல்லா சிரிங்க ரெண்டு பேரும். சிரிக்கவா நான் காலைப் படகைப் புடிச்சு டவுன்லேருந்து வந்தேன்? கெசையா, மத்தியானப் படகுக்கு நான் திரும்பணும். மூணே பக்கம். கேட்டுட்டு அடியில ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

கெசையா: ஏன், என் கையெழுத்து இல்லாம உன் பிரஸ் ஓடாதா?

லெமுவேல்: என் பிரஸ் ஓடும். இது லண்டன் கண்காட்சிக்குப் போற கேட்டலாக்கு. கம்பெனி வரலாறுன்னு போட்டா, "வாஸ்தவந்தான்"னு சொல்ல ஒரு பழைய ஆள் வேணுமாம். ஹோசியா பிரேலி பட்டறைதான் இந்த ஆத்தங்கரையில பழசு. உங்கப்பா போய்ச் சேர்ந்துட்டாரு. மிச்சம் நீதான்.

கெசையா: பழைய ஆளா? எனக்கு நாப்பதுதான்டா ஆகுது. உன்னைவிட ரெண்டு வயசு சின்னவ.

லெமுவேல்: சரி, சரி... சூசன்னா, அந்தத் தட்டலைக் கொஞ்சம் நிறுத்தேன்.

சூசன்னா: ஏன், இங்க நான் ஆணி அடிச்சா அங்க டால்ரிம்பிளுக்கு வலிக்குமா? கெஸ், தோணிக்கு விலாச் சட்டம் வெந்தாச்சு. ஆவிப்பெட்டியைத் தொறக்கவா?

கெசையா: தொற. லெம், தாளை வை. கையுறை அங்க கிடக்கு. இந்த முனையைப் புடி.

லெமுவேல்: நானா? நான் வந்த வேலை... அப்பா! சுடுது!

கெசையா: ஆவியில வெந்தது சுடாம குளிருமா? அச்சு மேல வளை. அமுக்கு. இன்னும்... இன்னும் கொஞ்சம். சூசி, அடி.

சூசன்னா: அடிச்சாச்சு. விடலாம்.

லெமுவேல்: இது அதே அச்சுதானா? உங்கப்பா காலத்துக் கட்டையா?

கெசையா: அதேதான். ஒரே மரத்தைக் குடைஞ்ச பழைய தோணி, கவுத்துப் போட்டிருக்கு. மேல இருக்குற இரும்புப் பட்டையை மட்டும் நாலு தடவை மாத்தினேன். ஆணி முனை அதுல இடிச்சு மடங்கிக்கணுமில்ல. நீ படி. கை பாட்டுக்கு வேலை செய்யும், காது உனக்கு.

லெமுவேல்: கோவப்படக் கூடாது.

கெசையா: படி.

லெமுவேல்: "சுற்றுவட்டாரத்துத் தச்சர்கள் சிலர், குறிப்பாக ஹோசியா பிரேலி என்பவர், திரு. டால்ரிம்பிளிடம் இத்தொழிலைக் கற்று..."

கெசையா: என்னது?

லெமுவேல்: "...கற்று, அவரது பெருந்தன்மையால் தாமும் சில தோணிகள் செய்து பிழைத்து வந்தார்."

கெசையா: பிழைத்து வந்தாரா! "என்பவர்" வேறயா! டால்ரிம்பிள் இந்த வாசல்ல வந்து நின்னு, "ஹோசியா, எனக்கு ஒண்ணு குடு, வாத்து சுடப் போகணும்"னு கேட்டதை நான் என் கண்ணால பாத்தவ. அன்னிக்கு அவன் வித்துக்கிட்டு இருந்தது உப்புப் போட்ட பன்னிக்கறியும் விளக்கு எரிக்கிற எண்ணெயும்!

லெமுவேல்: எனக்கும் தெரியும்.

கெசையா: தெரிஞ்சுதான் எழுதினியா?

லெமுவேல்: கெசையா, நான் சொல்றதைக் கேளு. கையெழுத்துப் போட்டா உன் பட்டறை ஓடும். தோணி மூக்குல கம்பெனியோட பித்தளைத் தகடு ஒண்ணு அடிக்கணும், அவ்வளவுதான். போடலைன்னா வியாழக்கிழமை டவுன்ஹால்ல விசாரணை. பலகைத் தோணி செய்யுற உரிமையே அவங்களுதுன்னு கையில பேட்டன்ட் வச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமை காலையில இந்தக் கதவுல பூட்டு.

கெசையா: பூட்டட்டும். கூரையைப் பிரிச்சு உள்ள இறங்கி வேலை பாப்பேன்.

லெமுவேல்: ஆறு பேர் இங்க வேலை செய்யுறாங்க. சூசன்னா இருக்கா...

சூசன்னா: என்னை இழுக்காதே. நான் கூரையைப் பிரிக்கிறதுல கெட்டிக்காரி.

கெசையா: தகடாம்! எங்கப்பன் செஞ்ச வேலைக்கு நான் அவன் பேரைக் குத்திக்கணுமாம்! எத்தனை வரி மிச்சம்?

லெமுவேல்: கொஞ்சந்தான். இது... இதைக் கொஞ்சம் கவனமா கேளு.

கெசையா: இவ்வளவு நேரம் தூங்கிக்கிட்டா இருந்தேன்?

லெமுவேல்: "நம் தோணிகளின் இடப்பக்கத்தில், முன்னாலிருந்து மூன்றாம் விலாவருகே காணப்படும் சற்றே தட்டையான பகுதியானது, நீரின் போக்கை நுணுகி ஆராய்ந்து திரு. டால்ரிம்பிள் கணித்த விஞ்ஞான வளைவாகும்."

கெசையா: சூசி... சூசி, என்னைப் புடிடி... விஞ்ஞான வளைவு!

சூசன்னா: சிரிச்சே விழுந்து தொலைக்காதே, பின்னாடி ஆவிப்பெட்டி.

கெசையா: லெம், இங்க வா. இந்தப் பட்டையை ஒட்டித் தடவு. தெரியுதா? சப்பையா இருக்கா? அது அச்சுல இருக்குற சப்பைடா! எங்கப்பா ஊரெல்லாம் சொன்ன கதை உனக்குத் தெரியாதா? அச்சுக் கட்டையைச் செதுக்கும்போது கண்ணுல கறுப்பு ஈ விழுந்து, கோடாலி வழுக்கி...

லெமுவேல்: "...அந்த ஈயை மட்டும் புடிச்சிருந்தா அதுக்கு ஒரு சவப்பெட்டி செஞ்சிருப்பேன்." நூறு தடவை கேட்டிருக்கேன்.

கெசையா: வாங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே வித்தாரு. "மன்னிக்கணும், இது இடப்பக்கம் இழுக்கும், இடப்பக்கமே துடுப்பு போடுங்க, நேராப் போகும்"னு. இந்த அச்சுல வளைச்ச தோணி ஒவ்வொண்ணுக்கும் இது இருக்கும். அவன் தோணிக்கும் இருக்குன்னா அவன் அச்சு எதைப் பாத்து எடுத்தது? திருடினவன் தழும்பையும் சேத்துத் திருடியிருக்கான்! குடு அந்தத் தாளை. அடுப்புக்கு ஆகும்.

லெமுவேல்: வேண்டாம்! எரிக்காதே! கெசையா, நிசமா சொல்றேன், எரிக்காதே!

கெசையா: ஏன், இன்னும் எழுத வேண்டியது பாக்கி இருக்கா?

லெமுவேல்: ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில பாரு.

சூசன்னா: டால்ரிம்பிள் கையெழுத்து.

லெமுவேல்: "படித்தேன், சரி"ன்னு அவர் கையால எழுதியிருக்கு. அந்தச் சப்பை வரி கம்பெனி குடுத்ததில்ல. நான் சேத்தேன். அவர் படிச்சுட்டு, "பிரமாதம், நானே மறந்துட்டேன்"னாரு. அந்தச் சப்பை அவர் தோணியிலயும் இருக்குன்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரி.

கெசையா: நீ சேத்தியா? உனக்கெதுக்கு அந்தக் கரிசனம்?

சூசன்னா: அவன் மூஞ்சியைப் பாரு கெஸ். சுட்ட விலாவைப் புடிச்சப்பகூட இப்படி இல்ல.

கெசையா: லெம். டால்ரிம்பிளுக்கு எங்க தோணி எப்படிக் கிடைச்சது? வாத்து சுடப் போனது அருவியில அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. அதுக்கப்புறம் எங்கப்பா அவனுக்கு ஒண்ணும் விக்கலை.

லெமுவேல்: அறுபத்தாறுல ஏரிப் பந்தயம் ஞாபகம் இருக்கா?

கெசையா: மறக்குமா? எங்க தோணியை இரவல் வாங்கிட்டுப் போனே. இடப்பக்கம் துடுப்பு போடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். "ஒரு பொண்ணு எனக்குச் சொல்றதா"ன்னு வலப்பக்கம் போட்டு நேரா நாணல்ல போய் முட்டினே. உங்கம்மா கரையில நின்னு அழுதாங்க.

லெமுவேல்: பந்தயத்துக்கு முன்னாடி ரெண்டு நாள் அந்தத் தோணி டால்ரிம்பிள் கிடங்குலதான் இருந்துச்சு. நான்தான் விட்டேன். அவங்க ஆள் ரெண்டு பேர் களிமண்ணை அப்பி அச்சு எடுத்தாங்க. நான் பக்கத்துல நின்னு விளக்குப் புடிச்சேன். அடுத்த மாசம் எனக்குப் பிரஸ்ல வேலை கிடைச்சது.

கெசையா: நாணல்ல முட்டினது உனக்குப் போதாதுடா.

லெமுவேல்: போதாதுதான். அதனாலதான் வந்தேன். தபால்ல அனுப்பியிருக்கலாம். வியாழக்கிழமை நான் கூண்டுல ஏறிச் சொல்றேன். அறுபத்தொண்ணுல அவங்க எதையும் செய்யலை, அறுபத்தாறுல நான் விளக்குப் புடிச்சேன்னு.

கெசையா: வேலை?

லெமுவேல்: போகும். பதினெட்டு வருஷமா அவங்க பொய்யை எழுத்தெழுத்தா கோத்தாச்சு. விரல் கறுத்ததுதான் மிச்சம். போகட்டும்.

கெசையா: அப்படிச் சொல்லு! ஜெயிச்சாச்சு அப்ப.

லெமுவேல்: இல்ல. அவங்க வக்கீலை உனக்குத் தெரியாது. "பிரேலிதான் எங்க தோணியைப் பாத்துச் செஞ்சாரு, சப்பை எங்களோடது"ன்னு திருப்பிப் போடுவான். என்னை, குடிச்சிருந்தேன்பான். அறுபத்தொண்ணுக்கு முந்தின தோணி ஒண்ணு வேணும். கண்ணுக்கு முன்னாடி. உங்கப்பா முதல்ல செஞ்சது எங்க?

கெசையா: சொன்னேனே, டால்ரிம்பிள் வாத்து சுட எடுத்துட்டுப் போனதுதான், அருவியில போச்சு.

லெமுவேல்: வேற ஒண்ணுமில்லையா? நல்லா யோசி. உங்கப்பாதான் முதல்ல செஞ்சாருன்னு நீ எதை வச்சுச் சொல்லுவே? வாசல்ல எவ்வளவு பெரிய போர்டு வச்சிருக்கே! "பிரேலி - பலகைத் தோணியை முதலில் செய்தவர்." அதுக்கு ஒரு சாட்சிகூடவா இல்ல?

கெசையா: சூசி, சுத்தியலைக் கீழ வை.

சூசன்னா: ஏன்?

கெசையா: வையேன்டி. நான் சொல்றதை நீ கையில சுத்தியல் இல்லாம கேக்கணும்.

சூசன்னா: வச்சுட்டேன்.

கெசையா: எங்கப்பா முதல்ல செய்யலை.

லெமுவேல்: என்ன சொல்றே!

கெசையா: எனக்குப் பன்னெண்டு வயசு. உங்க பூர்வகுடி ஆளுங்க இருக்குற மிஷன் கிராமத்துக் கரைக்கு எங்கப்பாகூட மீன் வாங்கப் போனேன். அங்க உங்கப்பா... சூசி, உங்கப்பா சாலமன், தன்னோட குடைஞ்ச தோணியைக் கவுத்துப் போட்டு அது மேல விலா வளைச்சுக்கிட்டு இருந்தாரு. மரமறுக்குற மில்லு ஒதுக்கின சீடர் பலகையை எடுத்து ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டு இருந்தாரு. தோணிக்கு மேல போர்த்தப் பட்டை உரிக்க நல்ல பிர்ச் மரம் ஒண்ணைக்கூட எங்க வெள்ளைக்கார ஆளுங்க விட்டு வைக்கலையே, அதனால. எங்கப்பா ஒரு மணி நேரம் வாயைத் திறக்காம பாத்தாரு. மறுநாள் போய் அந்தக் குடைஞ்ச தோணியை...

சூசன்னா: ஒரு வாரத்துக்குன்னு வாங்கிட்டுப் போனாரு.

கெசையா: உனக்குத் தெரியுமா?

சூசன்னா: எனக்கு அப்பப் பத்து வயசு. இருபத்தெட்டு வருஷமா அந்த ஒரு வாரம் முடியலை.

கெசையா: தெரிஞ்சேதானா... இந்தப் பட்டறையில, இந்த அச்சு மேலயே, இத்தனை வருஷமா ஆணி அடிச்சே?

சூசன்னா: வேற எங்க போய் எங்கப்பா தோணியைத் தொடுறது? நீ எப்ப வாயைத் திறப்பேன்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீ பெரிய அழுத்தக்காரிடி கெஸ். உங்கப்பா சாவுல சொல்லுவேன்னு நினைச்சேன். சொல்லலை. போர்டை மாட்டினே.

கெசையா: ஆமா. மாட்டினேன். அசிங்கமா இருக்கு.

சூசன்னா: இருக்கட்டும். இருக்கணும்.

லெமுவேல்: அப்ப அந்தக் கறுப்பு ஈ?

கெசையா: ஈயும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கட்டையைச் செதுக்காத மனுஷன் கண்ணுல எப்படி ஈ விழும்? சப்பை எதுக்குன்னு யாராவது கேப்பாங்களேன்னு கட்டின கதை. டால்ரிம்பிளைத் திருடன்னு கத்தினேனே இப்ப... எங்கப்பனைத்தான் கத்தினேன் போல.

லெமுவேல்: கெசையா, நல்லா யோசிச்சுக்க. இதை டவுன்ஹால்ல சொன்னா உங்கப்பா பேர் போச்சு. போர்டு போச்சு. அவங்களோட சேத்து நீயும்...

கெசையா: போகட்டும். பொய்யைக் காட்டிப் பொய்யை அடிச்சா யாருக்கு வலிக்கும்? எங்கப்பா பேருக்காக அவன் தகட்டைக் குத்திக்கிறதைவிட, எங்கப்பா பேரை நானே கழட்டி வைக்கிறேன். என் கையால செஞ்ச தோணி எனக்கு இருக்கு. முந்நூத்திச் சொச்சம்.

சூசன்னா: லெம், முந்தின தோணி ஒண்ணு வேணும்னியே... எவ்வளவு முந்தி?

லெமுவேல்: அறுபத்தொண்ணுக்கு முந்தி எதுவா இருந்தாலும்.

சூசன்னா: அம்பத்தாறு ஆகுமா?

லெமுவேல்: சூசன்னா!

சூசன்னா: எங்கப்பா செஞ்சது எங்கிட்ட இருக்கு. வருஷா வருஷம் ஏரியில தானா விளையுற காட்டரிசியைக் கதிர் தட்டி எடுக்கப் போறது அதுலதான். நீ எத்தனை தடவை பாத்திருக்கே கெஸ், "எவ்வளவு பழசு, ஒண்ணு புதுசு எடுத்துக்கயேன்"னு சொல்லியிருக்கே.

கெசையா: அதுவா! உள்ள தார் பூசி, சாக்குப் போட்டு மூடினது?

சூசன்னா: தாரைச் சுரண்டினா எங்க குலத்து அடையாளமான நீர்நாய் இருக்கும். பக்கத்துல அம்பத்தாறுன்னு, ஆணியைக் காய்ச்சிச் சுட்டது. என் தம்பி பொறந்த வருஷம். மிஷன் பதிவுல அவன் பேரு இருக்கு, தேதி இருக்கு. ஏன் மூடினேன்? டால்ரிம்பிளோ ஹோசியாவோ, எவனாவது பாத்தா அதையும் ஒரு வாரத்துக்குக் கேப்பான்.

லெமுவேல்: தோணி சரி... ஆனா மிஷன் கிராமத்துப் பொம்பளை சொல்லை அங்க எடுத்துக்குவாங்களா?

சூசன்னா: சொல்லை எடுக்க வேண்டாம். தோணியைத் தலைக்கு மேல தூக்கிட்டுப் போய் அந்த மேசை மேல வைக்கிறேன். இறக்கட்டும் யாராவது.

கெசையா: பின்பக்கத்தை நான் தூக்குறேன்.

சூசன்னா: நில்லு. முதல்ல போர்டு. எங்கப்பா பேரு வரணும்.

கெசையா: வரும்.

சூசன்னா: மேல வரணும்.

கெசையா: மேலேயே வரும். கீழ என் பேரைச் சின்னதா எழுதிக்கிறேன், அதுக்காவது எடம் விடுடி.

சூசன்னா: பாக்கலாம். அப்புறம் இந்த அச்சு எங்களோடது. இங்கயே இருக்கட்டும், ஆனா எங்களோடது.

கெசையா: உங்களோடதுதான். லெம், நீயே சாட்சி. படகு ஊதுது பாரு, கிளம்பு. டால்ரிம்பிள்கிட்ட சொல்லு, கெசையா கையெழுத்துப் போடலை, வியாழக்கிழமை நேர்ல வர்றா, பித்தளைத் தகட்டை அவரே மூக்குல மாட்டிக்கட்டும்னு. அந்தத் தாளைச் சட்டைக்குள்ள பத்திரமா வச்சுக்க.

லெமுவேல்: போறேன், போறேன். ஒண்ணே ஒண்ணு பாக்கி... வக்கீல் கட்டாயம் கேப்பான். "இந்தச் சப்பை எதுக்கு? விஞ்ஞானம்கிறாரு எங்க முதலாளி. நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு. ஈ கதையைச் சொன்னா சபையே சிரிக்கும். என்ன பதில்?

கெசையா: உண்மையைச் சொல்லிடலாம். சாலமனுக்குக் கோடாலி வழுக்கிடுச்சு. யாருக்குத்தான் வழுக்காது?

சூசன்னா: எங்கப்பாவுக்கு வழுக்கலை. உங்க ஆளுங்க ஆத்துல உருட்டிவிட்ட மரம் அடிச்சு அவருக்கு வலது தோள் போயிடுச்சு, சாகுற வரைக்கும் அந்தக் கையை இடுப்புக்கு மேல தூக்கினதில்ல. இடது கையால, இடப்பக்கம் மட்டுந்தான் துடுப்பு போடுவாரு. ஒரே பக்கம் போட்டா மூக்கு வலப்பக்கம் ஓடுமில்ல, அதுக்கு ஈடா இந்தக் குடைஞ்ச தோணியில அந்த எடத்தை மூணு நாள் உக்காந்து சீவினாரு. சில்லு பொறுக்கினது நான். நீங்க எல்லாரும் இத்தனை வருஷம் வளைச்சு வளைச்சு வித்தது எங்கப்பா தோளை. வியாழக்கிழமை சத்தியம் பண்ண டால்ரிம்பிள் வலது கையைத் தூக்குவாரில்ல... அப்பவே தெரிஞ்சுடும், அது அவரு தோணி இல்லேன்னு.